தாலாட்டில் தொடங்கிய கச்சேரி

எங்கள் கச்சேரிக் குழுவில் மொத்தமே மூன்று பேர். பாடுவதற்கு என் வீட்டுக்காரர், அவரைவிட நன்றாகப் பாடுவதற்கு நான், லேப்டாப்பில் இசையை ஓட்டுவதற்கு என் கொழுந்தன். வாத்தியக்காரர்களை வைத்துக் கட்டுப்படியாகாத காலம் இது. தபலா, புல்லாங்குழல், கிடார் எல்லாம் ஒவ்வொரு பாட்டுக்கும் லேப்டாப்புக்குள் தயாராக இருக்கும். குரல் மட்டும் நாங்கள் போட வேண்டும். கொழுந்தன் எந்நேரமும் பெட்டியும் கையுமாகத் திரிவதால் அவனுக்குப் பொட்டி என்றே பேர் நிலைத்துவிட்டது. நான் கல்யாணமாகி வந்தபோது அவன் அரை டிராயரோடு ரேடியோவைக் கழற்றிப் போட்டுக்கொண்டிருந்தான். மாமனார், மாமியார் போன பிறகு அவனுக்கு எல்லாமே நாங்கள்தான். அதனால் அவனைத் திட்டுகிற முழு உரிமையும் எனக்கு உண்டு. அதை நான் ஒருநாளும் வீணாக்கியதில்லை.

ஒரு கச்சேரியில் பழைய லேப்டாப் ஜோடிப் பாட்டின் நடுவில் அப்படியே நின்றுவிட்டது. வீட்டுக்காரர் கையை நீட்டி, வாயைத் திறந்தபடி, இசை இதோ வரும் இதோ வரும் என்று நின்ற கோலத்தைப் பார்த்து முன்வரிசையில் ஒரு குழந்தை பயந்து அழுதது. மறுநாளே பொட்டி எங்கிருந்தோ வேறொரு லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு வந்து, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஏற்றினான். நின்றுபோன லேப்டாப்பை என் தலையில் கட்டினான். வீட்டில் பாட்டுச் சேர்த்துவைக்க அது போதுமாம்.

"இனிமே தொங்கவே தொங்காது அண்ணி. இங்க பாருங்க, ஃபோல்டரெல்லாம் எவ்வளவு அழகா அடுக்கியிருக்கு."

பார்த்தேன். இடது ஓரத்தில் ஹோம், மியூசிக், டவுன்லோட்ஸ் என்று ஒரு வரிசை. வலது பக்கம் ஃபோல்டர்கள். ஒன்றைத் தட்டினால் அதற்குள் போகிறது, அம்புக்குறியைத் தட்டினால் வெளியே வருகிறது.

"ஹோம்னா?"

"உங்க சாமானெல்லாம் இருக்கிற இடம்."

"அப்போ அதை யாரு பெருக்கித் துடைக்கிறது?"

அவன் சிரிக்கவில்லை. அந்த நாளில் அவனுக்கு எந்த ஜோக்கும் ஏறவில்லை, ஏனென்றால் பையன் காதலில் இருந்தான். கடைவாய்ப் பல்லைக் காட்டப் போன இடத்தில், கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் பெண்ணைப் பார்த்தான். பல் சரியான பிறகும் போய்க்கொண்டே இருந்தான். அவளுக்கும் சம்மதம். அவளுடைய அப்பாதான் பிடி கொடுக்கவில்லை. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். "பாட்டை ஓட விட்டுட்டுப் பக்கத்துல உக்காந்திருக்கிறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுவிட்டார். பெண் சாப்பிடாமல் கிடந்து அடம் பிடித்ததில் கொஞ்சம் இறங்கி வந்தார். பெயின்ட் கம்பெனி ஆண்டு விழாவில் எங்கள் கச்சேரி இருந்தது. அங்கே வந்து பையன் வேலை பார்ப்பதைக் கண்ணால் பார்ப்பேன், அப்புறம்தான் எந்தப் பேச்சும் என்றார். ஆக, பொட்டிக்குக் கல்யாணம் நடப்பதும் நடக்காததும் அந்த ஒரு கச்சேரியில் இருந்தது.

அவனைவிட எனக்குத்தான் தலை வெடித்தது. வழக்கமாக அடுத்த பாட்டின் பேரை நான் மேடையிலிருந்தே கத்துவேன், அவன் தேடி எடுப்பான். சம்பந்தியாக வரப்போகிறவர் முன்னால் அப்படிக் கத்தினால் நன்றாகவா இருக்கும்? அதனால் பாட்டுகளை நானே முன்கூட்டி அடுக்கி பென் டிரைவில் கொடுத்துவிடுவது என்று முடிவு கட்டினேன். பேருக்கு முன்னால் எண் போடலாம். ஆனால் என் வீட்டுக்காரர் கடைசி நேரத்தில் வரிசையை மாற்றாவிட்டால் அவருக்குத் தொண்டையே திறக்காது. ஒரு பாட்டை மாற்றினால் எல்லா எண்ணையும் மாற்ற வேண்டும். வீட்டிலிருந்த பழைய விண்டோஸ் லேப்டாப்பை நோண்டிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கண்டுபிடித்தேன். பாட்டின் பேருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால் அது விறுவிறுவென்று மேலே ஏறி உட்கார்ந்துகொள்கிறது. இரண்டு புள்ளி வைத்தால் அதற்கும் மேலே.

எனக்கே என்னை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்குப் பாட வேண்டிய பாட்டுக்கெல்லாம் புள்ளி வைத்தேன். தொடக்கப் பாட்டு போன்ற முக்கியமானவற்றுக்கு இரண்டு புள்ளி. வேண்டவே வேண்டாம், ஒரு ஆபத்துக்குக் கிடக்கட்டும் என்று சேர்த்த மூன்று பாட்டுக்கு மட்டும் ஒன்றும் வைக்கவில்லை. ஒரு தாலாட்டு, கல்லும் கரைகிற மாதிரி ஒரு சோகப் பாட்டு, மழலைப் பள்ளி விழாவுக்காகச் செய்த வாத்துப் பாட்டு. பொட்டியிடம் புள்ளி விஷயத்தை மூச்சு விடவில்லை. ஃபோல்டரைத் திறந்ததும் தானாக அசந்து போகட்டும் என்று இருந்தேன்.

அசந்துதான் போனான்.

"அண்ணி, மூணே மூணு பாட்டுதான் இருக்கு."

திரை விலகக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. மேடையின் ஓரத்தில் மேசை போட்டு, ஒயர்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். எட்டிப் பார்த்தேன். தாலாட்டு, சோகம், வாத்து. வேறு ஒன்றுமே இல்லை.

"எங்கடா மத்ததெல்லாம்? கை வலிக்க வலிக்க ஏத்திக் கொடுத்தேனே! என்ன பண்ணித் தொலைச்ச?"

"நான் எதையும் அழிக்கல அண்ணி. பென் டிரைவைத் திறந்தேன், ஃபோல்டரை அப்படியே இழுத்து இங்க போட்டேன். அதுலயும் மூணுதான், இதுலயும் மூணுதான். நீங்கதான் ஏத்த மறந்துட்டீங்க."

மறந்துவிட்டேனாம்! எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"யாரு, நான் மறந்தேனா? பழைய லேப்டாப்பாவது பாதிப் பாட்டு வரைக்கும் வந்துச்சு. உன் லினக்ஸு ஆரம்பிக்கவே விடலையே! ஒரு ஃபோல்டரைத் திறந்து பாட்டை எடுக்கத் துப்பில்ல, இதுல துரைக்குக் கல்யாணம் ஒரு கேடு! உன்னை நம்பிப் பொண்ணு குடுக்கிறவனுக்கு மூளை இருக்கான்னு கேக்குறேன்!"

திரைக்கு அந்தப் பக்கம் அரங்கமே கொல்லென்று சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் என் கையைப் பார்த்தேன். மைக்கில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

திரை இடுக்கு வழியாகப் பார்த்தேன். முன்வரிசையில் டிரைவிங் ஸ்கூல்காரர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கூட்டத்தில் சிரிக்காதவர் அவர் ஒருவர்தான். பக்கத்தில் பெண் குனிந்த தலை நிமிரவில்லை. பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்தவனுடைய வாழ்க்கையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டேனே என்று அழுகையாக வந்தது. பொட்டி முகம் செத்துப்போய், அந்த மூன்று பாட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இருக்கிறதை வச்சு ஆரம்பிப்போம்" என்றார் வீட்டுக்காரர். அவரிடம் ஒரு குணம், கப்பல் கவிழ்ந்தாலும் தலையைச் சீவிக்கொண்டுதான் குதிப்பார். திரை விலகியதும் முன்னால் போய், "உழைத்துக் களைத்து வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு தாயின் குரல்!" என்று அறிவித்துவிட்டு என் பக்கம் கையைக் காட்டினார்.

தாலாட்டு பெண் குரல் பாட்டு. நான்தான் பாடியாக வேண்டும். அவ்வளவு ஆத்திரத்தோடு தாலாட்டுப் பாடியவள் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கண்ணுறங்கு என்று நான் அதட்டிய அதட்டலில் யாருக்குத் தூக்கம் வரும் என்று நினைத்தேன். ஆனால் முந்தின நாள் இரவு ஷிப்ட் பார்த்தவர்கள் பாதிப் பேர், பாவம், முதல் நாலு வரியிலேயே சாய்ந்துவிட்டார்கள். கம்பெனி மேனேஜரின் தலை மெதுவாக, கழுத்தில் போட்டிருந்த மாலையை நோக்கித் தொங்கியது.

புல்லாங்குழல் தனியாக வருகிற இடத்தில் மைக்கை அணைத்துவிட்டு மேசைக்கு ஓடினேன்.

"அண்ணி, பென் டிரைவுல இடமே காலி இல்லைன்னு கீழ காட்டுது. வெறும் மூணு பாட்டு இவ்வளவு இடத்தை அடைக்காது." ஃபோல்டரின் மேல் ஏதோ தட்டினான். சின்னதாக ஒரு பெட்டி திறந்தது. "பாருங்க, உள்ள முப்பதுக்கு மேல இருக்குன்னு இதே சொல்லுது. ஆனா கண்ணுல காட்ட மாட்டேங்குது. பேருல ஏதாவது மாத்தினீங்களா?"

பதில் சொல்வதற்குள் குழல் முடிந்துவிட்டது. திரும்ப ஓடி இரண்டாவது சரணத்தைப் பாடினேன். என்ன பாடினேன் என்று கேட்காதீர்கள். வயலின் வந்ததும் மறுபடி மேசைக்கு ஓடினேன்.

"புள்ளி வச்சேன்டா. பேருக்கு முன்னாடி. மேல வந்து நிக்கட்டும்னு வச்சேன்."

பொட்டி கண்ணை மூடித் திறந்தான். "லினக்ஸ்ல பேருக்கு முன்னாடி புள்ளி வச்சா, இதை யாருக்கும் காட்டாதேன்னு அர்த்தம் அண்ணி."

"எவன்டா சொன்னது?"

"அது ஆதியிலேர்ந்தே அப்படித்தான்."

கீபோர்டில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு 'எச்' எழுத்தைத் தட்டினான். அவ்வளவுதான். பொலபொலவென்று அத்தனை பாட்டும் வந்து நின்றன, நான் வைத்த புள்ளியோடு. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனாலும் ஒரு கேள்வி கேட்கிறேன். முக்கியம், முக்கியம் என்று நான் தேடித் தேடிப் புள்ளி வைத்ததையெல்லாம் ஒளித்துவிட்டு, வேண்டாம் என்று ஒதுக்கியதை மட்டும் எடுத்துக் காட்டுகிற பெட்டியை என்னவென்று சொல்வது? இன்றுவரைக்கும் எனக்கு அதில் சமாதானம் கிடையாது.

தாலாட்டு முடிந்த கையோடு தொடக்கப் பாட்டின் டிரம்ஸ் இடி மாதிரி இறங்கியது. தூங்கியவர்களெல்லாம் துள்ளி எழுந்தார்கள். தூங்கவைத்து எழுப்புவதுதான் எங்கள் திட்டம் என்று நினைத்துக்கொண்டு அப்படிக் கை தட்டினார்கள். அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை. வீட்டுக்காரர் நாலு தடவை வரிசையை மாற்றினார், பொட்டி கண்ணை எடுக்காமல் அத்தனைக்கும் ஈடு கொடுத்தான்.

எல்லாம் முடிந்து ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். "கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமாடா உனக்கு?" என்று வீட்டுக்காரர் தம்பியைப் பிடித்துக் காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து டிரைவிங் ஸ்கூல்காரர் மேடை ஏறி வந்தார். பின்னால் அவர் மகள். வந்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஆரம்பத்துல தடங்கல் ஆச்சே, அது யாரு பண்ணின தப்பு?"

நான் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான் வந்தேன். அதற்குள் பொட்டி முந்திக்கொண்டான்.

"என் தப்புதாங்க. புது லேப்டாப்பு. வீட்டுலயே ஒரு தடவை திறந்து சரிபார்த்திருக்கணும். பார்க்காம விட்டுட்டேன்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"இத்தனை வருஷமா வண்டி ஓட்டச் சொல்லித் தர்றேன் தம்பி. செவுத்துல கொண்டுபோய் மோதினவன்கூட, செவுரு குறுக்க வந்துடுச்சுன்னுதான் சொல்லுவான். என் தப்புன்னு வாய் விட்டுச் சொன்ன முதல் ஆளு நீதான்." பிறகு என் பக்கம் திரும்பினார். "பொண்ணு குடுக்கிறவனுக்கு மூளை இருக்கான்னு கேட்டீங்களேம்மா? இருக்கு. குடுக்கிறேன்."

எனக்கு நாக்கு துடித்தது. அது அவன் தப்பு இல்லை, புள்ளி வைத்தது நான் என்று சொல்லிவிட்டால் என் மனசு ஆறும். ஆனால் அந்த மனுஷர் எந்த ஒரு வார்த்தைக்காகப் பெண்ணைக் கொடுக்கிறாரோ, அந்த வார்த்தையே பொய்யாகிப் போகும். பொட்டி என் காலை ஓங்கி மிதித்தான். வாயை மூடிக்கொண்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் அடக்கி வைத்த பேச்சு அது ஒன்றுதான். ஊர் பார்க்க அவனை அத்தனை பேச்சு பேசியிருக்கிறேன், அவன் எனக்காக அந்தப் பழியைச் சட்டென்று எடுத்துத் தன் தலையில் போட்டுக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "சந்தோஷத்துல அழறாங்க" என்றார் சம்பந்தி.

வண்டியில் திரும்பும்போதும் வீட்டுக்காரர் விடவில்லை. பொறுப்பில்லை, அக்கறையில்லை என்று பாடிக்கொண்டே வந்தார். பொட்டி ஒவ்வொன்றுக்கும் "சரிண்ணா, சரிண்ணா" என்றான். "போதும் நிறுத்துங்க, அவனை ஏதாவது சொன்னீங்க, நான் இறங்கி நடந்தே வருவேன்!" என்று நான் கத்தினேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. சம்பந்தி போகிற இடத்திலெல்லாம் மாப்பிள்ளை தப்பை ஒத்துக்கொண்ட கதையைச் சொல்கிறார். வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு முதல் பாடமே அதுதானாம். "சம்பந்தியம்மா பக்கத்துலதான் நின்னாங்க, கேட்டுப் பாருங்க" என்று என்னை வேறு சாட்சிக்கு இழுப்பார். நானும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுவேன். உள்ளே பொங்கும், அதை அப்படியே முழுங்குவேன்.

போன வாரம் சமையலறையில் நானும், பொட்டியின் மனைவியாகி வந்த என் ஓரகத்தியும் மட்டும் இருந்தோம். அவள் வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா மறைக்காம சொல்வீங்களா? இவர் அடுப்புல வச்ச பாலைப் பொங்க விட்டுட்டு, அடுப்பு சரியில்லைங்கிறார். சட்டையில கறை பட்டா சோப்பு சரியில்லைங்கிறார். கல்யாணம் ஆனதுலேர்ந்து ஒரு தப்பைக்கூட தன் தப்புன்னு இவர் ஒத்துக்கிட்டதே இல்ல. அன்னிக்கு மட்டும் எப்படி ஒத்துக்கிட்டார்? உண்மையில அது யாரோட தப்பு?"

எத்தனை நாளைக்குத்தான் முழுங்குவது? "என்னோடதுதான்டி" என்றேன். புள்ளி வைத்த கதை முழுவதையும் கொட்டினேன். அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டு என் கையைப் பிடித்தாள்.

"எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா. மனுஷன் அதை நம்பித்தான் என்னைக் குடுத்தாரு. எனக்கு இவர் வேணும்."