கிளுவை வேலி நடந்த படம்

சிவசுப்பிரமணியத்தின் கிளுவை வேலி பதினொரு வருடத்தில் பதினாலு அடி நடந்து, பக்கத்து வளவுத் தியாகலிங்கத்தின் கிணற்றடிக்கு வந்து சேர்ந்தது. பெரும்பாலும் பின்னேரங்களில் நடக்கும். மழை நாளில் நடப்பதில்லை. அதை வெளியே சொன்ன ஒரே ஆள் தியாகலிங்கம். நில அளவையாளர், கோயில் பொருளாளர், மீன்காரி வரை எல்லாரும் கூட்டுச் சேர்ந்து தன் கிணற்றைப் பறிக்கிறார்கள் என்று நெல்லியடிச் சந்தையில் நின்று கத்துவார். கேட்டவர்கள் கத்தரிக்காயைப் புரட்டிப் பார்ப்பார்கள். கோயில் தலைவரான சிவசுப்பிரமணியம், "உவருக்கு விசர் முத்திப்போச்சு" என்று சிரிப்பார். வீட்டில் தியாகலிங்கத்தின் மனைவி மகாதேவி, "விடுங்கோவன், சோறு ஆறுது" என்பாள்.

சிவசுப்பிரமணியத்தின் மருமகன் செந்தூரனுக்கு இது நல்ல கதையாகப் பட்டது. ஊரே தனக்கெதிராகச் சதி செய்வதாக நம்பும் ஒருவனைப் பற்றி, அந்த வேலிக்கு முன்னாலேயே ஒரு திகில் படம் எடுத்தான். நாயகனுக்குத் தியாகலிங்கத்தினுடையதைப் போலவே கோடு போட்ட சாரம், நூல் கட்டிய மூக்குக்கண்ணாடி. வாசிகசாலை மண்டபத்தில் ஞாயிறு காலை படம் போட்டபோது, அழைப்பில்லாத தியாகலிங்கமும் மகாதேவியோடு வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தார்.

"வேலி நடக்குது!" என்று திரையில் நாயகன் குளறினான். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் முதுகுக்குப் பின்னால் வேலி நடந்துகொண்டிருந்தது. வேலித் தடிகளான கதியால்கள் வேரைப் பிடுங்கி, மண்ணை உதறி, ஒரு சாண் தள்ளி ஊன்றிக்கொண்டன. தியாகலிங்கத்தின் முருங்கை மரம் சிவசுப்பிரமணியத்தின் பக்கமாகிவிட்டது.

தியாகலிங்கம் எழும்பினார். "நிப்பாட்டடா படத்தை! பின்னாலை பாருங்கோ, பின்னாலை!"

சிரிப்பு நின்றது. ஆனால் ஒரு முகத்திலும் ஆச்சரியமில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

"உது தெரிஞ்சதுதானே அண்ணை," என்றாள் மீன்காரி கனகாம்பிகை. "அது நடக்கேக்கை எல்லாரும் பாக்கிறம். கோயில் தலைவரோடை ஆர் பகைக்கிறது?"

நில அளவையாளர் தலையாட்டினார். தியாகலிங்கம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"உமக்கும் தெரியுமோ?"

"ஓம். ஒருநாள் உடுப்புத் தோய்க்கேக்கை என்ரை வாளியையும் தட்டிப்போட்டுப் போச்சுது. சண்டை வேண்டாமெண்டு பேசாமல் இருந்தன்."

"பதினொரு வருசம் என்னை விசரன் எண்டு சொல்ல விட்டனீர்!"

"நான் ஒருநாளும் சொல்லேல்லை."

வெட்கமோ என்னவோ, மறுநாள் விடியும்போது வேலி பதினாலு அடியும் பின்னுக்குப் போய்ப் பழைய இடத்தில் நின்றது. காற்றுக்குச் சரிந்ததாம், சிவசுப்பிரமணியம் சொன்னார். திரும்பக் கிடைத்த கிணற்றைத் தியாகலிங்கம் எட்டியும் பார்க்கவில்லை. அலவாங்கால் வீட்டுச் சீமெந்து நிலத்தை உடைத்து, தன் கட்டிலுக்கும் மகாதேவியின் கட்டிலுக்கும் நடுவே கிளுவைக் கதியால் நட்டு இறுக்கி வரிந்தார். அவளைக் குறை சொல்ல ஊரில் ஆளில்லை. சொன்னால் தங்களையும் சொல்ல வேண்டி வரும்.

மூன்றாம் கிழமை அது துளிர்த்தது. மகாதேவி தினமும் அந்தக் கிணற்றில் அள்ளி வந்து தண்ணீர் ஊற்றுகிறாள். பின்னேரங்களில் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறாள். இந்த வேலி இன்னும் ஓரங்குலம்கூட நகரவில்லை.