வெந்நீர் வேண்டாங்க

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் ஒரே ஒரு தும்மல் தும்மினேன். எங்கள் காம்பவுண்டில் இருக்கும் ஐந்து வீட்டுக் கதவுகளும் திறந்துவிட்டன. ஒரு தும்மலுக்கு இவ்வளவு மரியாதை எங்கள் கணபதி ஏரியாவைத் தவிர வேறெங்கும் கிடைக்காது. கிடைக்கவும் வேண்டாம், சாமி.

வேறு நாளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு எனக்கு இன்டர்வியூ. சத்தி ரோட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. ஒன்பது வருஷமாக மில்லில் எட்டு மணி நேரம் நின்றபடியே நூல் சுற்றியவள் நான். கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகத் தெரியும். ஆபரேட்டருக்கு நாற்காலி உண்டு, தலைக்கு மேலே ஃபேன் உண்டு. அவர்கள் கேட்பது குரல் மட்டும்தான். குரலுக்கு என்னிடம் பஞ்சமே இல்லை. சர்ச்சில் மைக் கெட்டுப்போனால், "மெர்சியக் கூப்பிடுங்க, அவ வாசிச்சா கேட்டுக்கு வெளிய வரைக்கும் கேக்கும்" என்பார்கள்.

சனிக்கிழமை காலையிலேயே டாக்டரிடம் போனேன். "நாலஞ்சு நாள்ல தானாப் போயிரும்மா. வெந்நீர் குடிங்க, நல்லாத் தூங்குங்க, பேச்சைக் குறைங்க" என்று அனுப்பிவிட்டார். ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஊசி போடாத டாக்டரை எங்கள் காம்பவுண்டில் யார் மதிப்பார்கள்?

"அந்தாளு கெடக்கறாரு, நீ இதைக் குடி கண்ணு" என்று முதல் வீட்டு ராசம்மாள் அக்கா சொம்போடு வந்தார். சுக்கு, மிளகு, திப்பிலி, இன்னும் என்னென்னவோ போட்டு எட்டில் ஒன்றாகச் சுண்டக் காய்ச்சிய கஷாயம். ரோடு போட எடுத்துப் போகலாம்.

"வேண்டாங்க அக்கா" என்றேன்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் முதல் தடவை சொல்லும் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் கூச்சத்துக்கு. மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் பதில். அதற்குள் இலையில் விழுந்திருக்கும். எடுத்த எடுப்பில் சரி என்று கையை நீட்டுகிறவளை வளர்ப்புச் சரியில்லை என்பார்கள். ஆகவே நிஜமாகவே வேண்டாம் என்கிற ஒருத்தி அதைச் சொல்வதற்கு எங்களிடம் வழியே கிடையாது.

மூன்று தடவை வேண்டாம் என்றேன். முழுச் சொம்பையும் குடித்தேன்.

மத்தியானம் எதிர்வீட்டு அங்கப்பண்ணன் வந்தார். விரலி மஞ்சளை விளக்கில் சுட்டு, அந்தப் புகையை மூக்குக்கு நேராகப் பிடித்தார். "நல்லா இளு அம்மணி. மண்டைக்குள்ள இருக்கற நீரெல்லாம் கீழ வந்துரும்." வந்தது. கண் வழியாக வந்தது. சாயங்காலம் கடைசி வீட்டு சாஜிதா பேகம் அக்கா ஒரு தேக்சா நிறைய மிளகு ரசம் மாதிரி ஒரு கோழிச் சாறு கொண்டுவந்தார். "நாலு வேண்டாம் சொல்லிட்டே, இன்னும் கொஞ்சம் ஊத்திக்க" என்று கூடுதலாக இரண்டு கரண்டி ஊற்றினார். அந்தச் சாற்றைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் அதற்குள் நாக்கே மரத்துப்போயிருந்தது.

வரும் முன் காப்பதற்கும் ஆட்கள் இருந்தார்கள். தலைக்குக் குளிக்காதே, தயிரைக் கண்ணால் பார்க்காதே, வாழைப்பழத்தின் பக்கம் போகாதே, ஈரத்தரையில் கால் வைக்காதே. வந்த பிறகு எதற்குக் காப்பு என்று கேட்டால், "அடுத்த சளிக்குங்" என்றார் அங்கப்பண்ணன்.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அப்பா சாமுவேல் என்னைப் பார்த்து, "என்ன கண்ணு, மூஞ்சி இப்படிச் செவந்து கெடக்குது?" என்றார். நொச்சித் தழை போட்ட பானைமேல் கம்பளி மூடி, "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்று ராசம்மாள் அக்கா என் பிடரியை அழுத்திப் பிடித்த விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். தேங்காய் துருவும் சத்தம்தான் வந்தது. சளி மூக்கில் இருந்தது. தொண்டையை வெந்து போகச் செய்தது இவர்களுடைய பாசம்.

திங்கட்கிழமை மேனேஜர் பாலகோபால் எதிரே உட்கார்ந்தேன். மெட்ராஸ்காரர், வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. மேஜைமேல் சிவப்பு ஃபிளாஸ்க். என் பேரைக் கேட்டார். சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"தொண்டை சரியில்லையா? கொஞ்சம் வெந்நீர் குடிக்கிறீங்களா?"

உயிரே போகிற மாதிரி வெந்நீர் தேவைப்பட்டது. என் வாய் என்னைக் கேட்காமலே, "வேண்டாங்க சார்" என்றது.

"சரி" என்று திறந்த ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி மூடிவிட்டார்.

அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி கேட்பார், கேட்பார் என்று. மனுஷன் கேட்கவே இல்லை.

பக்கத்து அறையிலிருந்து போனில் பேசச் சொன்னார். "வணக்கம்" என்றேன். மறுமுனையில், "ஹலோ? லைன்ல கரகரன்னு வருதே?" என்றார். லைன் நன்றாகத்தான் இருந்தது.

திரும்ப வந்து உட்கார்ந்தபோது அவர் கோபப்படவில்லை. "ஜலதோஷம் யாருக்கும் வரதுதான். உங்களைப் பத்தி நல்லவிதமாச் சொல்லியிருக்காங்க. வியாழக்கிழமை வரீங்களா? இன்னொரு தடவை டெஸ்ட் வச்சுக்கலாம்."

"உங்களுக்கு எதுக்குங்க சார் சிரமம்" என்றேன்.

"ஓ, சரி" என்று ஃபைலை மூடி, பென்சிலை அதன்மேல் வைத்தார்.

அட, இன்னொரு தடவை கேளுங்களேன்! ஒரே ஒரு தடவை! மூன்றாவதுகூட வேண்டாம், இரண்டாவதிலேயே ஒத்துக்கொள்கிறேன்! வாசல் வரைக்கும் மெதுவாக நடந்தேன். செருப்பை இரண்டு முறை கழற்றிக் கழற்றி மாட்டினேன். உள்ளே அடுத்த பெண்ணைக் கூப்பிட்டுவிட்டார்.

வீடு வந்து சேர்ந்தபோது ராசம்மாள் அக்கா டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். "ஏங்கண்ணு, இதக் கொஞ்சம் குடிக்கிறயா?"

"குடுங்க" என்று கையை நீட்டினேன். ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தேன்.

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "ஐயோ, சாஜிதா! ஓடியா! புள்ளை ஒரு வார்த்தை வேண்டாமுன்னு சொல்லாம வாங்கிக் குடிச்சுப்போட்டா! காச்சல் மண்டைக்கு ஏறிப்போச்சாட்ட இருக்குது!" ஐந்து வீடும் கூடிவிட்டது. அன்றைக்கு எனக்கு வேப்பிலை மந்திரிப்பும் நடந்தது. அப்பா சர்ச் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார்.

வியாழக்கிழமை காலை எழுந்து, "அப்பா, மணி என்னங்?" என்று கேட்டேன். கணீரென்று வந்தது. டாக்டர் சொன்ன அதே ஐந்து நாள். வெளியே ஒரே சண்டை. கஷாயம்தான் கேட்டது என்று ராசம்மாள் அக்கா, மஞ்சள் புகைதான் என்று அங்கப்பண்ணன், கோழிதான் என்று சாஜிதா அக்கா. நான் யாரையும் பார்க்காமல் முக்குக் கடைக்குப் போய், சிவப்பு டெலிபோனில் ஒரு ரூபாய்க் காசைப் போட்டுக் கம்பெனிக்கு அடித்தேன்.

"வணக்கங்க, யாருங்க வேணும்?" ஒரு சின்னப் பெண்ணின் குரல். சுத்தமான எங்கள் பக்கத்துப் பேச்சு.

"அந்த ஆபரேட்டர் வேலை விஷயமா..."

"அதுக்கு நான் நேத்துச் சேர்ந்துட்டனுங்க அக்கா. எனக்கு ஊர் காரமடைங்க. சார் உள்ளதான் இருக்காருங்க, லைன் குடுக்கட்டுங்களா?"

"வேண்டாங்க, அவருக்கு எதுக்குச் சிரமம்" என்றது என் பாழாய்ப்போன வாய். சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். போனை வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"அட, இதுல என்னங்க அக்கா சிரமம்? ஒரு வார்த்தை பேசுங்க. குடுக்கட்டுங்களா?"

கேட்டுவிட்டாள். என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் ஃபேனுக்கு அடியில் இருந்துகொண்டு, இரண்டாவது தடவை கேட்டுவிட்டாள், பாவி மகள்.

"குடு கண்ணு" என்றேன். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குரல் மட்டும் துளிக்கூடக் கரகரக்கவில்லை.