நோ என்றால் நோவுதான்

யார் வீட்டுக் கடிதத்தையும் எட்டிப் பார்க்கும் தவமலர், துணைக்கென்று அப்போதுதான் வந்த பிள்ளைப்பேற்று அறையில் பக்கத்து வீட்டு நிரஞ்சினியின் மருத்துவக் குறிப்புத் தாளை மட்டும் விடுவாளா? ‘வலி ஊசியை மறுத்தார்’ என்று டொச்சு என்கிற ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது.

“ஊசி வேண்டாமெண்டனியோ, பிள்ளை?”

“இல்லையக்கா! ‘நோ, நோ தாங்கேலாது’ எண்டு கத்தினனே! மூண்டு மணித்தியாலமா ஒருத்தரும் எட்டிப் பாக்கேல்லை.”

யாழ்ப்பாணத்து நோவு சூரிச்சில் ஆங்கில மறுப்பாகிவிட்டது! தவமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மருத்துவிச்சியை இழுத்துவராத குறையாகக் கூட்டிவந்து, டொச்சிலேயே வெடித்தாள்.

“நோ எண்டா வலி! துடிக்கிறவளின்ர முகத்தைப் பாக்க உமக்கு எந்தப் பாஷை வேணும்?”

மருத்துவிச்சி தவமலரிடமே மன்னிப்புக் கேட்கத் தொடங்கினாள்.

“என்னட்டை இல்லை, அவவிட்டைக் கேளும்!”

மருத்துவிச்சி குனிந்து, ஊசி போடுவதுபோல் கையால் காட்டி, நிரஞ்சினியிடம் வேண்டுமா என்று கேட்டாள்.

“ஓம்.”

“ஓம் எண்டா உங்கட டொச்சில யா! எழுதும்!” என்று தவமலர் முந்திக்கொண்டாள். இன்னொரு தரம் இவர்களை நம்ப அவளுக்கென்ன பைத்தியமா?