நைவாசா ஏரியில் ஜெனாட்

ஜெனாட் இறந்துபோனான் என்பதை அவனுடைய தாய் மக்டலீன் ஏழு வருடமாக நம்பவில்லை. கனடாவுக்குக் கூட்டிவருவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரன் அவனைக் கென்யாவில் விட்டுவிட்டுத் தலைமறைவாகிவிட்டான். நைரோபியில் அறைக்குள் அடைந்து கிடந்து அலுத்துப்போன அவனும் மற்றப் பெடியன்களும் ஒருநாள் நைவாசா ஏரிக்கு நீர்யானை பார்க்கப் போனார்கள். படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரையேறினார்கள். ஜெனாட்டின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

“எங்கடை ஊர் பேசாலைக் கடலிலை நீந்தின பிள்ளை குளத்துத் தண்ணியிலை தாழுமோ? எங்கையோ மறியலிலை அடைபட்டுக் கிடக்கிறான்,” என்பாள் மக்டலீன்.

அவளோடு ரொறன்ரோவின் ஸ்காபரோ அடுக்குமாடியில் இருந்த மகள் வேரோனிக்காவால் அப்படி நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. 1998இல், கனடா பாஸ்போட் கையில் வந்ததும், பறவைகள் பார்க்கப் போகும் வெள்ளைக்காரர் குழு ஒன்றோடு அவளும் கென்யாவுக்குப் பெயர் பதிந்தாள்.

“போய் என்னத்தைக் காணப்போறீர்?” என்று கேட்டான் கணவன் கஸ்பர்.

“அந்தத் தண்ணியையாவது பாத்திட்டு வாறன்.”

ஏரி அவள் நினைத்ததைவிட அழகாக இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. ஆளுயரக் கோரைகளுக்கு அருகே கூழைக்கடாக்கள் மிதந்தன. பட்டமரத்தில் வெள்ளைத்தலைக் கழுகு ஒன்று கூவியது. சற்றுத் தள்ளித் தண்ணீர் பொங்கி, ஒரு நீர்யானை வாயைப் பிளந்தது. படகில் எல்லோரும் கமராவைத் தூக்கினார்கள்.

“நன்றாக நீந்தத் தெரிந்த ஒருவன் இங்கே விழுந்தால்?” என்று படகோட்டியிடம் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நீச்சல் உதவாது அம்மா. அது ஒரே கடியில் முடித்துவிடும்.” அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தினார். “யார் உங்களுக்கு?”

“தம்பி.”

அவர் இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். பக்கத்தில் இருந்த பெண் கமராவை மடியில் வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். வேரோனிக்காவுக்கு அழுகை வரவில்லை.

ரொறன்ரோவில் வந்து இறங்கியபோது உறைபனி மழை. வீட்டில் தாய் குசினி மேசையருகில் காத்திருந்தாள்.

“விசாரிச்சனியே?”

விமானத்தில் யோசித்து வைத்திருந்த பொய் ஒன்றும் வேரோனிக்காவின் வாயில் வரவில்லை.

“அம்மா, அவன் அந்தத் தண்ணிக்குள்ளைதான். நீர்யானை நீந்த விடாதாம்.”

மக்டலீன் மேசை விரிப்பைத் தடவினாள்.

“உப்புத் தண்ணியோ?”

“இல்லை. நல்ல தண்ணி.”

“அப்ப பிள்ளைக்குக் கண் எரிஞ்சிருக்காது,” என்றாள் தாய்.

தவக்காலத்துக்கு முன்பே அவனுடைய ஆத்துமாவுக்காகக் கோயிலில் பூசை ஒப்புக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு மக்டலீன் மகனின் பேரை எடுக்கவில்லை. சாப்பிடும்போதுகூட வீட்டில் கோப்பைச் சத்தம் மட்டுந்தான். அம்மாவின் பிடிவாதத்தில் இவ்வளவு காலமும் தானும் சாய்ந்துகொண்டிருந்தது வேரோனிக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போகும்போது, எக்லிண்டன் வீதி பஸ்ஸில், ஆட்கள் நெருக்கி நிற்க, தம்பிக்காக முதல் தடவையாக அவள் வாய்விட்டு அழுதாள்.