ஏற்றிய ரத்தம்

சுகுணாவுக்குக் காலையில் ஏற்றிய ரத்தம் மத்தியானத்துக்குள் இறங்கிப் போய்விட்டது. ஊசி குத்திய இடத்தின் வழியே வெளியே வந்து, கட்டிலை விட்டு இறங்கி, மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன ஆஸ்பத்திரியின் வராந்தாவைக் கடந்து, ரோட்டைப் பிடித்துக் கீழே போனது. குறுக்கு வழி எதிலும் இறங்கவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் எல்லாம் ஒழுங்காகத் திரும்பியது. சோளக்காடு போகும் பஸ்ஸின் டிரைவர் ஹாரன் அடித்து ஒதுங்கி வழிவிட்டார். அடிவாரத்துக் காரவள்ளியில் வாழை போட்டிருக்கும் வெங்கிடுசாமி, தான் ரத்ததான முகாமில் கொடுத்த ரத்தம் வாசலில் வந்து நிற்பதைக் கண்டு, "வந்துட்டியா, வா" என்றார். அது அவருடைய பித்தவெடிப்பு வழியாக உள்ளே போனது. அன்றைக்குக் கொஞ்சம் கால் கனத்ததாம், அவ்வளவுதான்.

அர்த்தனாரிக்கு அது அவ்வளவோடு முடியவில்லை. பெண் குழந்தையைப் பெற்ற கையோடு அவன் மனைவி சுகுணா வெளுத்துக்கொண்டே போனாள். அரியூர் நாட்டில் அவனுக்கென்று இருந்தது சரிவில் கொஞ்சம் மரவள்ளி, சில மிளகுக் கொடிகள், சுகுணா. முதல் இரண்டும் போனால் போகட்டும் என்று சொல்லக்கூடியவன்தான். அத்தை பொன்னம்மாளின் ஒரே மகள் அவள். பேச்சு வந்த நாள் முதல் அவனை "மாமா" என்று கூப்பிட்டவள். அந்த ஒரு சொல்லைக் கேட்கக் காட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வருவான், வெட்கங்கெட்டவன்.

கீழேயிருந்து வந்த இரண்டாவது பையும் இறங்கிப் போனது. டாக்டர் தாரணி, இறங்கிப் போகிற ரத்தத்தைப் பற்றிப் படித்ததில்லை. ஆனால் காரணத்தைப் படித்திருந்தார். சிவப்பணுவின் தோலில் சின்னச் சின்னப் புரதங்கள் ஒட்டியிருக்கும், சனத்துக்குச் சனம் அது கொஞ்சம் மாறும், எல்லாருக்கும் இருக்கிற ஒன்று சுகுணாவுக்கு இல்லை, அதனால் அவள் உடம்பு வந்த ரத்தத்தை அந்நியம் என்று துரத்துகிறது என்றார். மலைக்குள்ளேயே கொண்டு கொடுத்து வந்த குடும்பங்களில் அப்படி ஆகுமாம். லாரி ஏறி வந்த ஊர்க்காரர்கள் எல்லோரையும் சோதித்தார்கள். பொன்னம்மாளுக்கே உடம்பில் ரத்தம் பத்தாது. கடைசியில் பொருந்தியது அர்த்தனாரியின் ரத்தம் ஒன்றுதான்.

டாக்டர் சந்தோஷப்பட்டார். பொன்னம்மாள்தான் மருமகனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"வேண்டாஞ் சாமி. உன்ற ரத்தம் அவளுக்குள்ள ஓடுனா நீ பங்காளி ஆயிருவே. அப்பறம் அவ உனக்குக் கூடப் பொறந்தவ."

பங்காளி என்றால் அண்ணன் தம்பி முறை, கல்யாணம் ஆகாத முறை. அந்த மலையில் எந்த வீட்டுக்குப் போனாலும், தண்ணீர் கொடுக்கும் முன்பே, பங்காளியா மாமன் மச்சானா என்று கேட்டுவிடுவார்கள்.

"அப்ப சாகட்டும்ங்கறீங்களா அத்தை?"

பொன்னம்மாள் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"உசுரு இருக்கட்டுங்க. மொறையப் பொறகு பாத்துக்கலாம்" என்று அவன் கையை நீட்டினான்.

அவன் ரத்தம் ஏறியது. ஏறின இடத்திலேயே இருந்தது. சாயங்காலம் சுகுணாவின் உதடு சிவந்து, கண் திறந்தது. இவர் யாரென்று தெரிகிறதா என்று டாக்டர் கேட்டார்.

"தெரியாம என்னங்க? எங்கண்ணன்" என்று சிரித்தவள், தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். மறுபடி சொல்லிப் பார்த்தாள். "மா" என்று தொடங்கினாலும் "அண்ணா" என்றே முடிந்தது. தேம்பித் தேம்பி அழுதாள். மயக்கம் தெளியவில்லை என்று அர்த்தனாரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எதுவும் மறக்கவில்லை, அதுதான் கொடுமை. தாலி கட்டிய நாள் மழை பெய்ததுகூட நினைவிருந்தது. ஆனால் அவன் பக்கத்தில் வந்தால் அவள் உடம்பு தானாக ஒதுங்கி எழுந்து நின்றது. டாக்டர் போனில் தைரியம் சொன்னார்: ஏற்றிய அணுக்கள் நாலு மாதத்தில் செத்துப்போகும், அவளுடைய சொந்த ரத்தம் ஊறிவிடும், பொறுங்க. அர்த்தனாரி மரவள்ளிக் காட்டுக் காவல் குடிசைக்குக் குடிபோனான். நாலு மாதம் முடிந்த காலை, சட்டையைத் துவைத்துப் போட்டுக்கொண்டு தன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"வாங்கண்ணா" என்றாள். சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க மாட்டாமல் உள்ளே போய்விட்டாள்.

அதன்பிறகு அவன் பழைய முறையைக் கேட்டுப் போகவில்லை. தை பிறந்தால் பொறந்தவளுக்குச் சீர் கொண்டுபோனான்: பச்சரிசி, மஞ்சள், ஒரு புடவை. அர்த்தனாரி மாதிரி அண்ணன் கிடைக்கணும் என்று ஊர்ப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். குழந்தை அருள்மொழியும் அவனை மாமனென்றே கூப்பிடக் கற்றது. அது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் நினைவில்லை.

அருள்மொழிக்குக் காது குத்தும் நாள் வந்தது. "தாய்மாமன் யாருங்க, வாங்க" என்றார் ஆசாரி. சுகுணாவுக்குக் கூடப் பிறந்தவர்கள் கிடையாது. எல்லோரும் அர்த்தனாரியைப் பார்த்தார்கள். "நாந்தானுங்க" என்று அவன் பலகையில் உட்கார்ந்து, தன் மகளை மடியில் வைத்துக்கொண்டான். குத்தியதும் குழந்தை வீறிட்டது. காதிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அவன் வேட்டியில் விழுந்தது. அது எந்தப் பக்கம் போகும் என்று கூட்டம் குனிந்து பார்த்தது. எங்கும் போகவில்லை.

"அண்ணா, வேட்டி கறையாயிருச்சு. குடுங்க, அலசித் தாரேன்" என்றாள் சுகுணா.

"இருக்கட்டும் கண்ணு" என்றான்.

பந்தியில் தாய்மாமனுக்குத்தான் முதல் இலை போட்டார்கள்.