பதினொரு வார்த்தைகள்

"அப்பா, பாசுரம் சொல்லும்போது நடுவுல மூச்சு விட்டா பெருமாள் கோச்சுப்பாரா?"

ஐந்து வயதில் மகள் தேவதர்ஷினி கேட்ட கேள்வி. "விடாட்டாத்தான் கோச்சுப்பார்" என்று அன்று சிரித்துக்கொண்டே சொன்னார் சடகோபன். இப்போது அவள் புனேயில் வேலை பார்க்கிறாள், அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. சென்ற ஐப்பசியில் நெஞ்சில் சளி கட்டி இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அதிலிருந்து ஒரு பாசுரத்தின் பாதியிலேயே மூச்சு தீர்ந்துபோனது.

ஸ்ரீரங்கத்தில் கோஷ்டியாகப் பாசுரம் சேவிக்கும்போது இருபது குரல்கள் ஒன்றாக ஒலிக்கும். ஒருவர் நின்றுபோனாலும் மற்றவர்கள் கொண்டுபோய்விடுவார்கள். அதனால் சடகோபன் ஓரமாக நின்று வாயை மட்டும் அசைப்பது யாருக்கும் தெரியவில்லை. அவருக்குத்தான் அது தினம் ஒரு பொய் சொல்வதுபோல் இருந்தது.

இந்தச் சமயத்தில் வீதி நலச் சங்கத்துச் செயலாளர் பராங்குசம் வந்தார்.

"ஓய், உறையூர்ல மருதைன்னு ஒரு பையன். கட்டெறும்புன்னு பேர் வெச்சுண்டு ராப் பாடறான். வாயைத் தொறந்தா வசவு. அடுத்த மாசம் தென்னூர்ல கச்சேரியாம். போலீஸ்ல மனு கொடுக்கப் போறோம்."

"அதுக்கு அடியேன் என்ன பண்ணணும்?"

"பாட்டைக் கேட்டு, கெட்ட வார்த்தையெல்லாம் எழுதித் தாரும். உம்ம கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்."

"நீரே கேக்கப்படாதா?"

"கேட்டேன். என்ன வேகம்! ஒண்ணும் பிடிபடலை. சேவிச்சுப் பழகின காதுக்குத்தான் அது நிக்கும்."

மகள் விட்டுப்போன ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார் சடகோபன். கோடையில் தண்ணீரைப் பதுக்கி விற்கும் லாரிக்காரன் ஒருவனைப் பற்றிய பாட்டு. பத்து விநாடியில் கழற்றிவிட்டுக் காதைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"என்ன கேக்கறேள்?" என்றாள் மனைவி கோமளவல்லி.

"சங்கத்து வேலை."

ஆனால் வசவுகளை மட்டும் பொறுக்கி எழுத அவருக்கு வரவில்லை. பாசுரத்தைப் பாடம் பண்ணும் பழக்கத்தில் முழுப் பாட்டையும் எழுதினார். சீர் பிரித்தார். பாடுகிறவன் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டார். மூன்றாம் நாள் அந்தக் கோடுகளைப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒரு கோடுகூட அடியின் முடிவில் இல்லை. எல்லாம் முடிவுக்கு இரண்டு எழுத்து முன்னால். மூச்சு தீரும்வரை அவன் காத்திருப்பதே இல்லை. பாதி இருக்கும்போதே நிரப்பிக்கொள்கிறான். துணைக்கு இருபது பேர் இல்லாதவன், பாவம், தானாகவே வழி கண்டுபிடித்திருக்கிறான்.

குளியலறையில் சொல்லிப் பார்த்தார். பிறகு கோஷ்டியில். ஒன்பதாம் நாள் ஒரு பாசுரம் முழுதும் தடைபடாமல் வந்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்து, "பழைய சாரீரம் வந்துடுத்தே" என்றார்.

பட்டியல் எப்போதோ தயாராகிவிட்டது. கேட்பதைத்தான் நிறுத்த முடியவில்லை. கொத்தவரங்காய் நறுக்கும்போது தலை தானாக ஆடியது.

"கழுத்து பிடிச்சுண்டிருக்கா? தைலம் தேய்ச்சு விடட்டுமா?" என்றாள் கோமளவல்லி. வேண்டாம் என்று தலையாட்டினார். அதுவும் தாளத்தோடுதான் வந்தது.

பராங்குசம் பட்டியலை வாங்கிப் பார்த்து முகம் சுளித்தார். "பதினொண்ணுதானா? நூறு தேறும்னு நெனச்சேன்."

"கூட்டவும் இல்லை, கொறைக்கவும் இல்லை."

"மிச்சமெல்லாம்?"

"மிச்சமெல்லாம் நியாயம்."

அந்தப் பதினொரு வார்த்தைகளை எடுத்தால் கச்சேரிக்கு அனுமதி என்று போலீஸில் சொல்லிவிட்டார்கள். மறுநாளே மருதையின் வீடியோ வந்தது. உறையூரில் தான் பாட்டுப் பதிவு செய்யும் ஷட்டர் போட்ட அறைக்கு முன்னால் நின்று பேசினான். "வார்த்தைய எடுத்தா பாட்டு நொண்டுங்க. நொண்டிப் பாட்ட எங்க ஊர்லயே நின்னு பாட மாட்டேன். கச்சேரி வேணாங்க."

பராங்குசம் லட்டு கொடுத்தார். சடகோபன் அதைத் தின்னாமல் கோமளவல்லியிடம் கொடுத்துவிட்டார். பையன் சொன்னது சரிதான் என்று அவருக்குத் தெரியும். ஒன்றை உருவினாலும் சீர் குறையும். தனக்குக் குரல் கொடுத்தவனின் வாயைத் தன் கையெழுத்தே அடைத்துவிட்டது. வசவு வசவுதான், அதை எழுதிக் கொடுத்ததில் தவறில்லை. ஆனால் எடுத்த இடத்தில் வேறொன்றை வைக்காமல் விட்டது எப்படிச் சரியாகும்?

அதே அளவில், கடிக்கிற மாதிரி, ஆனால் சுத்தமான பதினொரு வார்த்தைகள் வேண்டும். சடகோபன் வாழ்நாளில் யாரையும் திட்டியதில்லை; கையிருப்பு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் பென்சிலைக் கடித்தார்.

மூன்றாம் நாள் கொல்லையில் ஒரு குரங்கு தேங்காய் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடியது. "அபிஷ்டு! தடிமாடே! சாப்பாட்டு ராமா!" என்று துரத்தினாள் கோமளவல்லி.

சடகோபன் காகிதத்தோடு ஓடிவந்தார். "இன்னும் ரெண்டு சொல்லேன்."

"யாரை?"

"குரங்கைத்தான்."

"அது போயாச்சு. வேணும்னா உங்களைச் சொல்றேன்."

"சொல்லு. நிதானமாச் சொல்லு."

அவளும் குறை வைக்கவில்லை. நான்கு எழுத்து வசவு இருந்த இடத்தில் "அபிஷ்டு" அழகாகப் போய் உட்கார்ந்தது. மற்றவற்றைத் தொடையில் தாளம் போட்டு ஒவ்வொன்றாகப் பொருத்தினார். பாட்டு எங்கும் நொண்டவில்லை. சொல்லப்போனால் லாரிக்காரனுக்கு இப்போதுதான் கூடுதலாக வலிக்கும்.

முழுப் பாட்டையும் இடது கையால் கோணலாகப் பிரதி எடுத்தார். பெயர் எழுதவில்லை.

"உறையூர் நாச்சியார் கோயிலுக்குப் போயிட்டு வரேன்" என்று விடிந்ததும் கிளம்பினார். பொய்யாகிவிடக் கூடாதே என்று முதலில் கோயிலுக்கே போய்த் தாயாரைச் சேவித்தார். பிறகு இரண்டு தெரு தள்ளி, வீடியோவில் பார்த்த அந்த ஷட்டர் போட்ட சின்ன அறையைக் கண்டுபிடித்தார். ஷட்டரில் ஓர் எறும்புப் படம் இருந்தது. தெருவில் ஆள் இல்லை. குனிந்து உறையை ஷட்டருக்கு அடியில் தள்ளினார். ஒரு மூலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில் போய்விடக் கூடாது என்று அதையும் விரலால் உள்ளே தள்ளிவிட்டு, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார்.