மிஸ்டர் டாலிவரின் பெயர்

மக்ரோனியில் சீஸ் போதாது, மிஸ்டர் டாலிவர் இருந்திருந்தால் தட்டைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள் வெர்னீட்டா. அவருடைய அடக்கம் முடிந்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாட்டு மேசைகளைச் சுற்றி ஒரே சிரிப்பு. அழ வேண்டியதையெல்லாம் மேலேயே அழுதாகிவிட்டது. உள்ளே இவ்வளவு நிறைவாக இருப்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

"இன்னொரு கோழித்துண்டு வைக்கவா, சிஸ்டர்? எலும்பாப் போயிட்டீங்க," என்றாள் பரிமாறிய ஹாட்டி.

"சர்ச்சுல நின்னுக்கிட்டா பொய் சொல்றது?" என்றாள் வெர்னீட்டா, தன் அகன்ற இடுப்பைத் தட்டிக்கொண்டே.

வெர்னீட்டா வேலை பார்க்கும் சிகாகோ உணவு நிறுவனத்தில் துணைத் தலைவரான முதல் கறுப்பர் மிஸ்டர் டாலிவர். அவளை வேலைக்கு எடுத்தவர். எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லி அழைத்த அந்த அலுவலகத்தில் அவர் மட்டும் மிஸ்டர் டாலிவர். தலைவரே அவருடைய முதல் பெயரைச் சொல்லி "லூஷியஸ்!" என்று கூப்பிட்டாலும் காது கேட்காதவர்போல நடந்துகொண்டே இருப்பார். ஆறு மாதத்தில் தலைவரும் மிஸ்டர் டாலிவர் என்றே கூப்பிடப் பழகிக்கொண்டார்.

அவளையும் அவர் குடும்பப் பெயர் சொல்லி மிஸ் காட்ஸ்டன் என்றே அழைத்தார்; அவருக்காக மற்றவர்களும் அப்படியே அழைத்தார்கள். கூச்சமாக இருக்கிறது என்று ஒருநாள் சொன்னாள்.

"எங்கப்பா மிசிசிப்பியில அறுபது வயசுலயும் வெள்ளைக்காரப் பொடிப்பசங்களுக்கு வெறும் ரூஃபஸ்தான். ஒரு தடவைகூட மிஸ்டர்னு கேக்காமலே போயிட்டார். நமக்கு இது சும்மா கிடைக்கல, மிஸ் காட்ஸ்டன். போட்டுக்கோங்க."

தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த கைல் அவளருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான். நல்ல பையன். மேலே உண்மையாகவே அழுதவன். கைபேசியில் ஒரு படம் காட்டினான். புதிய பயிற்சி அறைக்கான பித்தளைப் பலகை. 'லூஷியஸின் அறை.'

"புதுசா வர்றவங்களுக்கு நெருக்கமா இருக்கும். நீங்க சரின்னா தனக்கும் சரின்னுட்டாங்க அவரோட மனைவி. திங்கட்கிழமை மாட்டிடலாம்."

அவர் ஓய்வு பெற்ற மறுவாரமே அவள் எல்லோருக்கும் வெர்னீட்டா ஆகிவிட்டாள். அது எளிதாக இருந்தது. அதில் வருத்தமும் இல்லை. தன் பெயரைத் தான் எப்படியும் விட்டுக்கொடுக்கலாம். இது அவருடையது. இனி யார் கூப்பிட்டாலும் அவரால் காது கேட்காததுபோல நடந்து போக முடியாது.

கைபேசியை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"நல்ல மனசோட செஞ்சிருக்கீங்க, கைல். ஆனா அவர் மிஸ்டர் டாலிவர். இதுக்கு நான் சரி சொல்லமாட்டேன்."

"பலகை செஞ்சு வந்தாச்சே, வெர்னீட்டா."

"தெரியுது," என்றாள் மெதுவாக. "இருந்தாலும் மாட்டேன்."